தீம் பார்க் ரைடுகளின் கொள்திறன்

தீம் பார்க்கில் உள்ள ஒரு ரைடு ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்றி இறக்க வல்லது என்ற எண்ணே அதன் மணிநேரக் கொள்திறன் எனப்படுகிறது. உயரம், வேகம், இசை, பொம்மைகள் பற்றிய பேச்செல்லாம் தொடங்குவதற்கு முன்பே வடிவமைப்பாளர்கள் பேசி முடிக்க வேண்டிய எண் இது. விடுமுறைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் இதே எண்ணை ரைடின் வாசல் பலகையில் ‘90 நிமிடம்’ என்ற உருவில் சந்திக்கிறார்கள். அந்தத் தொண்ணூறு நிமிடத்துக்கு அன்றைய கூட்டத்தை மட்டும் பழிப்பது வழக்கம். அதில் பெரும்பங்கு, ரைடு கட்டப்படுவதற்கு முன்பே வரைபட மேசையில் முடிவாகிவிடுகிறது.

கணக்கிடும் முறை

ஒரு வண்டியில் எத்தனை இருக்கை, மணிக்கு எத்தனை வண்டி புறப்படும் என்ற இரண்டையும் பெருக்கினால் ஏட்டளவிலான கொள்திறன் கிடைக்கும். 24 பேர் அமரும் ரோலர் கோஸ்டர் ரயில் 36 விநாடிக்கு ஒன்று கிளம்பினால் மணிக்கு 100 ரயில், 2400 பேர். அதுவே 45 விநாடிக்கு ஒன்று என்றால் 80 ரயில், 1920 பேர். நடுவில் தொலைந்தது ஒன்பதே விநாடி. ஒரு சிறுவனை உயரக் கோலருகே நிறுத்திப் பார்க்க, தோள்பையை எங்கே வைப்பது என்று ஒருவர் தடுமாற, பூட்டிய கம்பியைப் பணியாளர் ஒருமுறை இழுத்துச் சரிபார்க்க இவ்வளவு நேரம் போதும். பூங்கா பத்து மணி நேரம் திறந்திருந்தால் அந்த ஒன்பது விநாடி ஒரு நாளில் 4800 பேரின் வாய்ப்பைத் தின்றுவிடும். அதனால்தான் ஏறும் மேடையில் வேலை செய்பவர்களின் கைவேகம் ரைடின் மோட்டாருக்கு நிகரான பொறியியல் விஷயமாகிறது.

மேடை எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் தடம் இடம் கொடுக்க வேண்டும். ரோலர் கோஸ்டர் பாதையைப் ‘பிளாக்’ என்னும் துண்டுகளாகப் பிரித்து, ஒரு பிளாக்கில் ஒரு நேரத்தில் ஒரே ரயில் என்ற விதியில் ஓட்டுகிறார்கள். முன்னால் போன ரயில் அடுத்த பிளாக்கைக் காலி செய்யாவிட்டால் பின்னால் வருவது பிரேக்கில் நிற்கும். கலிபோர்னியாவின் அனஹைமில் உள்ள டிஸ்னிலேண்டில் 1959 ஜூனில் திறக்கப்பட்ட மேட்டர்ஹார்ன் பாப்ஸ்லெட்ஸ், குழாய் வடிவ எஃகுத் தண்டவாளம் கொண்ட முதல் ரோலர் கோஸ்டர் என்று பேசப்படுவது. பிளாக் முறைப்படி பல வண்டிகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டதும் அதன் சிறப்பே. பிளாக் அதிகமானால் ரயில்களும் கொள்திறனும் கூடும். பிரேக், உணர்கருவி, பராமரிப்புச் செலவு எல்லாம் சேர்ந்து கூடும்.

நடைமுறைக் கொள்திறன் எப்போதும் ஏட்டுக் கணக்கைவிடக் குறைவுதான். மூன்று பேர் கொண்ட குடும்பம் நான்கு பேருக்கான வரிசையில் உட்கார்ந்தால் ஓர் இருக்கை காலியாக ஓடும். இந்த ஓட்டையை அடைக்க வந்ததே ‘சிங்கிள் ரைடர்’ வரிசை. தனியாக ஏறச் சம்மதிப்பவர்களை வேறு வாசல் வழியே விட்டு, மிஞ்சிய இருக்கையில் அமர்த்துகிறார்கள். காத்திருக்கும் நேரம் பெரும்பாலும் பாதிக்குக் கீழே வரும். பிள்ளைகள் வளர்ந்து, ஒன்றாக உட்கார வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாத வீட்டாருக்கு இதைவிட மலிவான சலுகை கிடையாது.

காத்திருப்புக்கும் கொள்திறனுக்கும் உள்ள உறவைக் கணிதமாக நிறுவியவர் ஜான் லிட்டில். 1961-இல் அவர் வெளியிட்ட நிறுவல் ‘லிட்டில் விதி’ என்றே வழங்குகிறது. முன்னால் நிற்பவர்களின் எண்ணிக்கையை மணிநேரக் கொள்திறனால் வகுத்தால் காத்திருக்க வேண்டிய நேரம் வந்துவிடும். 1200 பேர் முன்னால் இருந்தாலும் மணிக்கு 2400 பேரை விழுங்கும் ரைடில் அரை மணியில் ஏறிவிடலாம். 800 பேரே இருந்தாலும் மணிக்கு 600 பேரை மட்டும் ஏற்றும் ரைடில் ஒரு மணி இருபது நிமிடம் ஆகும். வரிசையின் நீளத்தைக் கண்ணால் அளந்து முடிவெடுப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

நிற்காத வண்டி

கொள்திறன் ஒரு ரைடின் உருவத்தையே மாற்றிப்போட்டதற்கு டிஸ்னிலேண்டின் ஹான்டட் மேன்ஷன் நல்ல சான்று. டிஸ்னியின் வடிவமைப்பாளர் கென் ஆண்டர்சன் 1950-களில் போட்ட திட்டங்களில் அது பார்வையாளர்கள் குழுக் குழுவாக நடந்து பார்க்கும் பேய்வீடு. நடக்கும் கூட்டத்துக்கு வேகம் விதிக்க முடியாது. பிடித்த இடத்தில் நின்றுவிடுவார்கள். பின்னால் வருகிறவர்கள் தேங்குவார்கள். 1963-இல் வீட்டின் முகப்பு எழும்பியது. உள்ளே என்ன வைப்பது என்ற குழப்பம் தீராமல் கட்டடம் ஆண்டுக்கணக்கில் பூட்டியே கிடந்தது.

விடை நியூயார்க்கிலிருந்து வந்தது. 1964-65 உலகக் கண்காட்சிக்கு வால்ட் டிஸ்னியின் குழு நான்கு காட்சிகளைச் செய்து கொடுத்தது. ‘இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு’ ரைடில் நீரோட்டமே படகுகளை இடைவெளியில்லாமல் தள்ளிக்கொண்டு போனது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்துக்கான ‘கரசெல் ஆஃப் புரோக்ரஸ்’ காட்சியில் மேடை அசையாமல் நிற்க, பார்வையாளர் அமர்ந்த ஆறு அரங்குகள் அதைச் சுற்றி வந்தன. ஒரு கூட்டம் ஏறும்போது இன்னொரு கூட்டம் இறங்கிக்கொண்டிருக்கும். கண்காட்சிக் கூட்டத்தைச் சமாளிக்கக் கண்ட உத்திகள் அனைத்தும் கலிபோர்னியாவுக்குத் திரும்பின. நடந்து பார்க்கும் மெழுகு அருங்காட்சியகமாக நினைத்திருந்த ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ 1967-இல் படகுச் சவாரியாகத் திறந்தது. அதே ஆண்டு ‘அட்வென்ச்சர் த்ரூ இன்னர் ஸ்பேஸ்’ ரைடில் ஆம்னிமூவர் அறிமுகமானது.

ஆம்னிமூவர் என்பது ஒன்றோடொன்று பிணைத்த கூடுகளின் முடிவில்லாச் சங்கிலி. அது நிற்பதே இல்லை. கூடு பக்கவாட்டில் திரும்பவும் வல்லது என்பதால் பயணி எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கக் கூடாது என்பதை வடிவமைப்பாளரே தீர்மானிக்கலாம். 1969 ஆகஸ்டில் திறந்த ஹான்டட் மேன்ஷன் இதைத்தான் எடுத்துக்கொண்டது.

அங்கே கூட்டம் நகர்வதைக் கவனித்தால் நேர்த்தி தெரியும். முதலில் ஒரு குழுவை எண்கோண அறைக்குள் அடைக்கிறார்கள். சுவர்கள் நீண்டுகொண்டே போவதாகத் தோன்றும். உண்மையில் டிஸ்னிலேண்டில் அந்த அறையே ஒரு லிஃப்ட். பூங்காவைச் சுற்றி ஓடும் ரயில் பாதைக்கு அப்பால் உள்ள பெரிய கட்டடத்தில்தான் ரைடு இருக்கிறது. பயணிகளைத் தரைக்கு அடியில் இறக்கி, தண்டவாளத்தைக் கடக்க வைக்க வேண்டும். அதற்கான லிஃப்டையே காட்சியின் பகுதியாக்கிவிட்டார்கள். கீழே நகரும் பெல்ட் ஒன்று கூடுகளின் வேகத்திலேயே ஓடுகிறது. அதில் காலை வைத்ததும் பக்கத்துக் கூடு நின்றுவிட்டதுபோல் இருக்கும். உட்கார்ந்தால் கம்பி தானே இறங்கும். டிஸ்னிலேண்டில் 131 கூடுகள் இவ்வாறு சுற்றுகின்றன. கொள்திறன் மணிக்குச் சுமார் 2600 பேர்.

எல்லா ரைடையும் இப்படியே கட்டிவிட்டால் என்ன என்று தோன்றலாம். ஆம்னிமூவரால் திடீரென்று பாய முடியாது, ஒரு காட்சி முன் நின்று கதை சொல்ல முடியாது. எல்லாக் கூடுகளும் ஒரே சங்கிலி என்பதால், மெதுவாக ஏற வேண்டிய ஒருவருக்காக நிறுத்தினால் உள்ளே இருக்கும் அனைவரும் இருட்டில் நிற்பார்கள். புதிய தலைமுறை விரும்பும் ரைடுகள் வேறு திசையில் போய்விட்டன. யுனிவர்சல் ஆர்லாண்டோவில் 2019 ஜூனில் திறந்த ஹேக்ரிட் மோட்டார்பைக் ரோலர் கோஸ்டரில் முதல் நாள் காத்திருப்பு பத்து மணி நேரத்தைத் தொட்டது. அதே ஆண்டு டிசம்பரில் டிஸ்னி திறந்த ‘ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ்’ பல ஊர்தி முறைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தது. ஒரு கண்ணி தடுக்கினால் முழு ரைடும் நின்றது. திறந்த புதிதில் நேரடி வரிசையே இல்லாமல், கைபேசியில் குழு எண் வழங்கித்தான் சமாளித்தார்கள். பிரமாதமான ரைடுகள்தாம், ஆனால் பழுதாகி நிற்கும் ரைடின் கொள்திறன் பூஜ்யம் என்பதை இத்துறை ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை மறந்துபோகிறது.

எளிய வழி, ஒன்றுக்கு இரண்டாகக் கட்டுவது. புளோரிடாவில் உள்ள டிஸ்னியின் மேஜிக் கிங்டமில் 1975-இல் திறந்த ஸ்பேஸ் மவுன்டன் ரோலர் கோஸ்டருக்குள் இரண்டு தடங்கள் உண்டு. அங்கேயே 16 யானைகளோடு சுற்றிய டம்போ ராட்டினத்துக்கு 2012-இல் ஜோடியாக இன்னொன்று வைத்தார்கள். அதோடு வரிசையைக் கூரைக்குள் கொண்டுவந்து, பெற்றோர் கையில் அழைப்புக் கருவியைக் கொடுத்துப் பிள்ளைகளை விளையாட விட்டார்கள். அந்த இரண்டாவது ஏற்பாடு ஒருவரைக்கூடக் கூடுதலாக ஏற்றவில்லை. அழுகைச் சத்தம் மட்டும் குறைந்தது.

பூங்கா அளவிலான திட்டம்

தனி ரைடின் எண்ணைவிட, பூங்கா முழுவதின் கூட்டுத்தொகையே உரிமையாளரின் கவலை. உள்ளே இருக்கும் ஒவ்வொருவருக்கும் மணிக்கு ஒன்றரை முதல் இரண்டு பொழுதுபோக்கு வாய்ப்பு இருக்க வேண்டும் என்பது துறையில் வழங்கும் கைக்கணக்கு. ஊர்வலம், நாடகம் எல்லாம் இதில் சேரும். ஆண்டின் மிக நெரிசலான நாளை அளவாக வைத்துக் கட்டுவதில்லை. அப்படிக் கட்டினால் மற்ற நாள்களில் முதலீடு தூங்கும். அதற்குச் சற்றுக் கீழான ஒரு ‘வடிவமைப்பு நாள்’ எடுத்துக்கொள்ளப்படும். கிறிஸ்துமஸ் வாரத்தில் போகிறவர், தனக்காகக் கட்டப்படாத பூங்காவுக்குள் நுழைகிறார்.

2019-இல் மேஜிக் கிங்டமுக்குச் சுமார் 2.1 கோடி பேர் வந்ததாக மதிப்பிடப்பட்டது. சராசரியாக நாளுக்கு 57 ஆயிரம். அப்பூங்காவில் ஒருவர் நாளில் சராசரியாக ஒன்பது ரைடு ஏறிவந்ததைப் பத்தாக்கியதை டிஸ்னி சாதனையாகச் சொன்ன செய்தி 2010-இல் நியூயார்க் டைம்ஸில் வந்தது. சின்ட்ரெல்லா கோட்டைக்கு அடியில் உள்ள கட்டுப்பாட்டு அறையிலிருந்து வரிசைகளைக் கண்காணித்து, தேவைப்பட்ட இடத்துக்குக் கூடுதல் படகுகளை அனுப்புவதும் அம்முயற்சியின் பகுதி. ஒரே ஒரு ரைடு கூடியதற்கு ஒரு நிலவறை தேவைப்பட்டது.

விலையா, வரிசையா

தேவை கொள்திறனை மிஞ்சினால் எதையாவது கொண்டு பங்கிட வேண்டும். டிஸ்னிலேண்டு 1955 முதல் 1982 வரை அதைச் சீட்டுப் புத்தகத்தால் செய்தது. ஏ, பி, சி என்று தரம் பிரித்த சீட்டுகள். 1959-இல் சேர்ந்த ‘இ’ சீட்டு பெரிய ரைடுகளுக்கு. ‘இ’ சீட்டு தீர்ந்தவர்கள் கையில் மிஞ்சிய ‘ஏ’ சீட்டுக்காகக் குதிரை வண்டியில் ஏறினார்கள். கூட்டம் தானாகப் பரவியது. ஒரே நுழைவுக் கட்டணம் வந்த பிறகு, எல்லோரும் ஒரே நான்கைந்து ரைடுகளுக்கு ஓடினார்கள். விலை செய்த வேலையை வரிசை செய்யத் தொடங்கியது.

1999-இல் ஃபாஸ்ட்பாஸ் வந்தது. இயந்திரத்தில் இலவசச் சீட்டு எடுத்து, குறித்த நேரத்தில் திரும்பி வந்தால் குறுக்குவழி. 2021-இல் அதன் இடத்தைக் கட்டணம் வாங்கும் லைட்னிங் லேன் பிடித்தது. திருப்பதியில் 300 ரூபாய் சிறப்பு தரிசனத்துக்கு நேரம் குறித்துப் போனவர்களுக்கு இம்முறையை விளக்க வேண்டியதில்லை. எந்த முன்பதிவும் ஓர் இருக்கையைக்கூடப் புதிதாக உண்டாக்குவதில்லை. மணிக்கு 2000 பேரை ஏற்றும் ரைடில் 1400 இடத்தை முன்பதிவுக்கு ஒதுக்கினால், பொது வரிசைக்கு எஞ்சுவது 600. முன்னால் 600 பேர் நிற்கும் வரிசை, 18 நிமிடத்தில் தீர வேண்டியது, ஒரு மணி நேரமாகிவிடும். முன்பு வரிசையில் நின்றவர்கள் இப்போது நடைபாதைகளிலும் கடைகளிலும் உலவுகிறார்கள் என்பது நிர்வாகத்துக்குக் கசப்பான விளைவல்ல.

பயணத் திட்டத்துக்கு உதவுபவை

முதலில் தள்ளிப்போட வேண்டியவை கொள்திறன் மிகுந்த ரைடுகள். பைரேட்ஸ், ஹான்டட் மேன்ஷன், கரசெல் ஆஃப் புரோக்ரஸ் போன்றவை நடுப்பகலிலும் பெரும்பாலும் தாங்கும். காலையில் கதவு திறந்ததும் போக வேண்டியவை, பெயர் பெரியதும் வாய் சிறியதுமான ரைடுகள். 1955 முதல் ஓடும் டிஸ்னிலேண்டின் பீட்டர் பான் ரைடும், மேஜிக் கிங்டமில் 20 பேர் மட்டும் அமரும் ரயில்கள் ஓடும் ‘செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெயின்’ ரைடும் இவ்வகை. மேஜிக் கிங்டம் அடங்கிய வால்ட் டிஸ்னி வேர்ல்டின் சொந்த ஓட்டல்களில் தங்குபவர்களுக்கு அரை மணி முன்னதாக நுழைவு உண்டு. அந்த அரை மணியின் மதிப்பு மதியத்தில் இரண்டு மணி நேரம்.

கூட்டம் குறைந்த பருவத்தில் போனால் வரிசையே இருக்காது என்ற நம்பிக்கை பாதிதான் மெய். ஆள் குறையும் நாளில் நிர்வாகம் ரயில்களையும் பணியாளரையும் குறைக்கும். மூன்று ரயில் ஓடும் தடத்தில் இரண்டே ஓடும். பெரிய பராமரிப்புக்காக ரைடை மூடுவதும் அந்த மாதங்களில்தான். புளோரிடாவில் கோடைப் பிற்பகல் இடிமழை சேர்ந்துகொண்டால் வெளிப்புற ரைடுகள் நின்று, அவற்றின் கூட்டமும் கூரைக்கு அடியில் உள்ளவற்றின் மேல் விழும்.

சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் உயர வரம்பை வீட்டிலேயே பார்த்துவிடுவது நல்லது. மேஜிக் கிங்டமின் ஸ்பேஸ் மவுன்டனுக்கு 112 சென்டிமீட்டர், மைன் டிரெயினுக்கு 97. உயரம் போதாத பிள்ளை இருந்தால், பெற்றோரில் ஒருவர் ஏறிவரும்வரை மற்றவர் பிள்ளையோடு இருந்து, பிறகு முழு வரிசையில் நிற்காமல் ஏறிக்கொள்ளும் வசதியைப் பணியாளரிடம் கேட்டுப் பெறலாம். பூங்கா மூடும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பு வரிசையில் சேர்ந்தவர்களையும் டிஸ்னி பொதுவாக ஏற்றியே அனுப்புகிறது. வாசல் பலகை அப்போது காட்டும் நிமிடங்கள் பெரும்பாலும் உண்மையைவிடக் கூடுதல். கடைசி ஆள்கள் சேராமல் இருக்கட்டும் என்பதற்காக.