தெற்கே போகும் ஏ9: தணலில் வாட்டிய நல்ல சாப்பாட்டுக்கு எங்கே நிறுத்தலாம்?

பள்ளி விடுமுறை தொடங்கியதும் டென்மார்க்கில் உள்ள தமிழ்க் குடும்பங்கள் பல வாகனத்தில் தெற்கே புறப்படும். சுவிஸில் அண்ணன் வீடு, மூனிச்சில் மச்சாள் வீடு, எங்கோ ஒரு சாமத்தியவீடு, எங்கோ ஒரு கோயில் திருவிழா என்று காரணம் பலவாக இருக்கும். நான் குடியிருக்கும் அல்பர்ட்ஸ்லுண்டில் இருந்து போகிறவர்களுக்கு ஒரு வசதியான வழி உண்டு. கேட்சர் துறைமுகம் வரை சுமார் 150 கிலோமீற்றர் ஓடி, அங்கே கப்பல் ஏறி, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் ஜேர்மனியின் ரொஸ்ரொக்கில் இறங்கலாம். பிறகு பேர்லின் சுற்றுப்பாதையைத் தொட்டு, பொட்ஸ்டாம் சந்தியில் தொடங்கும் ஏ9 நெடுஞ்சாலையைப் பிடித்தால் அது மூனிச் வரை கொண்டுபோய் விடும். ஏ9 மட்டும் 500 கிலோமீற்றருக்கு மேல்.

எங்களுக்கு ஏ9 என்றால் வேறு ஒரு பாதைதான் ஞாபகத்துக்கு வரும். கண்டியில் இருந்து யாழ்ப்பாணம் வரையான 321 கிலோமீற்றர். 2002 போர்நிறுத்தத்தின் பின் திறந்தார்கள், 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடினார்கள். அந்தப் பாதையில் முறிகண்டிப் பிள்ளையாரைத் தாண்டி நிறுத்தாமல் போகும் சாரதியைக் காண்பது அரிது. தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக் கொறித்துவிட்டுத்தான் வாகனம் நகரும். பக்தி ஒரு பக்கம் இருக்க, நீண்ட பாதையில் சாரதிக்கு ஒரு கட்டாய ஓய்வு அது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்த அந்த வழக்கத்தை, இங்கே வந்து கார் வாங்கியதும் நான் மறந்துபோனேன்.

தொண்ணூறுகளில் எங்கள் பயணம் இப்படித்தான் இருந்தது. பின்பெட்டியில் கட்டுச்சோறு, முட்டைப்பொரியல், போத்தலில் தேநீர். வாகனத்துக்குள்ளேயே சாப்பாடு. வெளியே இறங்கி உண்டால் கறி மணம் பிடித்துப் பக்கத்தில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பாரோ என்ற கூச்சம். கடையில் வாங்கினால் காசு. நிறுத்தினால் நேரம். கணக்கு வேலை பார்ப்பவன் என்பதால் ஒவ்வொரு தரிப்பையும் செலவுப் பக்கத்தில்தான் எழுதினேன். ஒருமுறை இரவில் ஏ9 இல் திரும்பி வரும்போது என் கண் சொருகிவிட்டது. “இஞ்சாருங்கோ!” என்று மனைவி கத்திய சத்தத்தில் விழித்தேன். வாகனம் ஏற்கெனவே பாதையின் ஓரக்கோட்டைத் தாண்டி இருந்தது. பின்னால் பிள்ளைகள் இருவரும் நித்திரை. அன்றிலிருந்து எங்கே நிறுத்துவது என்பதை வீட்டில் இருந்தே தீர்மானித்துவிட்டுத்தான் புறப்படுகிறேன். நல்ல சாப்பாடு கிடைக்கும் இடம் என்றால் நிறுத்த மனம் தானாக வரும். அப்படித் தேடித் தேடி அறிந்தவற்றையே இங்கே தருகிறேன்.

எத்தனை மணிக்கு ஒருமுறை?

ஐரோப்பிய ஒன்றியத்தில் பாரவூர்திச் சாரதிகள் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும் என்பது சட்டம். எங்களுக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆனால் அதை உச்ச எல்லையாக வைத்துக்கொள்ளலாம். ரொஸ்ரொக்கில் இறங்கி நாலு, நாலரை மணி நேரம் ஓடினால் தூரிங்கன் மாநிலத்தில் ஹேர்ம்ஸ்டோர்ஃப் சந்தியை அடைவீர்கள். ஏ9 உம் ஏ4 உம் குறுக்கிடும் இடம் அது. தணலில் இறைச்சி வாட்டுவதற்கு ஜேர்மனியிலேயே பேர்பெற்ற மாநிலமும் அதுதான். ஆகவே நடுவில் ஒரு சிறு தேநீர்த் தரிப்பு, பெரிய சாப்பாட்டுத் தரிப்பு தூரிங்கனில் என்று திட்டமிடுவது நல்லது.

மூன்று வகை இடங்கள்

முதலாவது, நெடுஞ்சாலையிலேயே அமைந்த ராஸ்ட்ஸ்டெட்ட. வெளியேறத் தேவையில்லை என்பதே இதன் ஒரே பெரிய வசதி. எரிபொருளும் சாப்பாடும் விலை கூட. 2022 நவம்பரில் இருந்து இவற்றில் பரவலாக உள்ள சனிஃபெயார் கழிப்பறைக்கு ஒரு யூரோ. அதே பெறுமதிக்கு ஒரு சிட்டை தருவார்கள். அந்தச் சிட்டையை அங்கே ஏதாவது வாங்கித்தான் கழிக்க வேண்டும்.

இரண்டாவது, ஓட்டோஹோஃப். வெளியேறும் பாதையில் இருந்து சுமார் ஒரு கிலோமீற்றருக்குள் இருக்கும். பாரவூர்திச் சாரதிகளை நம்பி நடக்கும் இடம் என்பதால் 24 மணி நேரமும் திறந்திருக்கும், விலையும் பொதுவாகக் குறைவு. ஞாயிறும் பின்னிரவும் இதுவே கைகொடுக்கும்.

மூன்றாவது, வெளியேறி மூன்று நான்கு கிலோமீற்றர் உள்ளே போனால் வரும் ஊர். நல்ல தணல் அடுப்பு பெரும்பாலும் இங்கேதான். இறைச்சிக்கடைகள் பலவற்றில் மதியத்தில் சுடச்சுடச் சாப்பாடு விற்பார்கள். தூரிங்கனில் பெரிய கட்டடப்பொருள் கடைகளின் வாகனத் தரிப்பிடத்திலும் பல்பொருள் அங்காடி வாசலிலும் பிராட்வூர்ஸ்ட் வாட்டும் சிறு கூடாரம் நிற்பதைக் காணலாம். போக ஐந்து, வர ஐந்து என்று பத்துக் கிலோமீற்றருக்குச் சாதாரண வாகனம் ஒரு லீற்றருக்கும் குறைவாகவே எரிபொருள் குடிக்கும். நாலு பேருக்கு உள்ளே சாப்பாட்டில் மிச்சம் பிடிப்பது அதைவிட அதிகம்.

நல்ல அடுப்பை அறிவது எப்படி?

பெயர்ப்பலகையில் ‘கிரில்’ என்று இருப்பதை நம்பி இறங்க வேண்டாம். டென்மார்க்கின் கிரில்பார்களில் தட்டில் வாட்டுவதும் எண்ணெயில் பொரிப்பதுமே கூட. ஜேர்மனியின் இம்பிஸ் கடைகள் பலவும் அப்படித்தான். நீங்கள் தேட வேண்டிய சொல் ‘ஹோல்ஸ்கோல’. விறகுக்கரி என்று பொருள். கொழுப்பு உருகித் தணலில் விழுந்து, அந்தப் புகை திரும்ப இறைச்சியில் ஏறும்போது வரும் சுவை தட்டிலோ எண்ணெயிலோ வராது.

இறங்கியதும் நான் நாலு விடயங்களைப் பார்ப்பேன். கடைக்குப் பின்னால் கரிமூட்டை இருக்கிறதா? விலைப்பட்டியல் சிறியதா? பீட்சாவும் நூடில்சும் சேர்த்து நாற்பது உணவு எழுதியிருந்தால் அடுப்பில் கவனம் இருக்காது. வரிசையில் வேலை உடுப்போடு ஆட்கள் நிற்கிறார்களா? கடைசியாக, நிற்கும் வாகனங்களின் இலக்கத்தகடு. ஜேர்மன் தகட்டின் முதல் எழுத்துகள் மாவட்டத்தைச் சொல்லிவிடும். ஹேர்ம்ஸ்டோர்ஃப் பக்கத்தில் எஸ்எச்கே, அதற்குத் தெற்கே எஸ்ஓகே, ஹோஃப் நகரில் எச்ஓ, நூர்ன்பேர்க்கில் என். தரிப்பிடத்தில் உள்ளூர்த் தகடுகள் நிறைய நின்றால் துணிந்து இறங்கலாம். வழிப்போக்கர் ஒருமுறைதான் வருவார். ஊர்க்காரர் பிழையான கடைக்கு இரண்டாம் முறை போகமாட்டார்.

தூரிங்கன்: பிராட்வூர்ஸ்டும் முட்ஸ்பிராட்டனும்

தூரிங்கனின் ரோஸ்ட்பிராட்வூர்ஸ்ட் குறைந்தது 15 சென்ரிமீற்றர் நீளம் இருக்க வேண்டும். 2003 இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பெயர்ப் பாதுகாப்பைப் பெற்றது. தணல் கொழுந்துவிட்டால் மேலே கொஞ்சம் பியர் தெளித்து அடக்குவார்கள். வெட்டிய பாணுக்குள் வைத்து, கடுகுக்குழம்பு பூசித் தருவார்கள். இதைப்பற்றிக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்று ஒரு கணக்குப் பதிவு என்பது என்னைப் போன்றவனுக்கு மகிழ்ச்சியான செய்தி. ஆர்ன்ஸ்டாட் நகரின் கன்னியர் மடத்தில் 1404 ஆம் ஆண்டு பிராட்வூர்ஸ்டுக்குக் குடல் வாங்க ஒரு குரோஷன் செலவு என்று யாரோ எழுதி வைத்தார். அறுநூறு ஆண்டு கழிந்தும் அந்தச் செலவுக்கு ஆதாரம் இருக்கிறது.

ஹேர்ம்ஸ்டோர்ஃபுக்குச் சற்றுத் தெற்கே, டிரிப்டிஸ் அருகே ரோடாபோர்ன் என்ற இடம் உண்டு. 1936 இல் திறந்த இது ஜேர்மன் நெடுஞ்சாலைகளின் முதலாவது உணவுத் தரிப்பிடம். பாதையை அகலமாக்கியபோது அந்தத் தகுதியை இழந்தது. பின்னர் அதை வாங்கியவர்கள், பக்கத்து வாகனத் தரிப்பிடத்தில் நின்ற பயணிகளுக்கு வேலிக்கு மேலால் பிராட்வூர்ஸ்ட் நீட்டி விற்றார்கள். அதிகாரிகள் தடுக்க, வழக்கு நீதிமன்றம் வரை போனது. ஊரில் வேலிக்கு மேலால் கறிச்சட்டி கைமாறிய நினைவு வருகிறதல்லவா?

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ‘பாபெகியூ’ என்றால் பன்றியின் தோள் இறைச்சியை விறகுப் புகையில் மணிக்கணக்காக மெதுவாக வேகவைப்பது. கடினமான தசைநார் அந்த நீண்ட சூட்டில் கரைந்து இறைச்சி பஞ்சுபோல ஆகும். இந்தப் பாதையில் அதற்கு மிக நெருங்கியது முட்ஸ்பிராட்டன். ஹேர்ம்ஸ்டோர்ஃபில் இருந்து ஏ4 இல் கிழக்கே, கேரா நகரைத் தாண்டி, சுமார் அரை மணி நேரத்தில் வரும் ஷ்மோல்ன் இதன் ஊர். கைமுட்டி அளவு பன்றித்துண்டுகளை உப்பு, மிளகு, மர்ஜோரம் என்ற மூலிகை சேர்த்து ஊறவைத்து, கம்பியில் கோர்த்து, பேர்ச் மர விறகில் இரண்டு மூன்று மணி நேரம் வாட்டுவார்கள். புளித்த கோவாவும் பாணும் கூட வரும். வார இறுதியிலும் ஊர் விழாக்களிலும் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

எல்லை தாண்டி பவேரியா

ருடோல்ஃப்ஸ்டைன் அருகே சாலே ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், 1990 வரை இரண்டு ஜேர்மனிகளின் எல்லை இது என்று. அடுத்து வரும் ஃபிராங்கன்வால்ட் தரிப்பிடம் நெடுஞ்சாலைக்கு மேலே பாலம்போலக் கட்டிய உணவகம். 1967 இல் திறந்தது. அடுப்புக்காக அல்ல, காட்சிக்காக ஒருமுறை நிற்கலாம்.

ஹோஃப் நகரத் தெருவில் ‘வேர்ஷ்ட்லாமோ’ என்ற வியாபாரிகளைக் காணலாம். கீழே கரித்தணல் உள்ள பித்தளை அண்டாவில் சூடாக வைத்திருந்து விற்பார்கள். வாட்டியது அல்ல, வெந்நீரில் சூடாக்கியது. நூர்ன்பேர்க்கின் பிராட்வூர்ஸ்ட் விரலளவுதான். 7 முதல் 9 சென்ரிமீற்றர், 20 முதல் 25 கிராம். பீச் மர விறகில் வாட்டியதைத் தேடுங்கள். ஒரு பாணில் மூன்று வைப்பார்கள். மூனிச்சை நெருங்க, மரநிழல் பியர் தோட்டங்களில் ‘ஸ்டெக்கர்ல்ஃபிஷ்’ கிடைக்கும். முழுக் கானாங்கெளுத்தியைக் குச்சியில் குத்தித் தணலோரம் வாட்டுவது. மீனோடு வளர்ந்த எங்கள் ஆட்களுக்கு இதுவே இந்தப் பாதையின் கடைசிப் பரிசு.

எதைச் சாப்பிடலாம், எதைக் கேட்க வேண்டும்?

மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் கவனிக்க வேண்டும். தூரிங்கன் பிராட்வூர்ஸ்ட் பெரும்பாலும் பன்றி, ஆனால் சில இடங்களில் மாடோ கன்றோ கலப்பார்கள். ‘ரிண்ட்’ மாடு, ‘கால்ப்’ கன்று, ‘ஷ்வைன்’ பன்றி, ‘ஹேன்ஷன்’ கோழி, ‘பூட்ட’ வான்கோழி. பன்றியும் வேண்டாம் என்றால் கோழி சுழற்றி வாட்டும் வண்டிகளைத் தேடுங்கள். அரைக் கோழிக்கு ‘ஹால்பஸ் ஹேன்ஷன்’ என்று கேட்கலாம், பவேரியாவில் ‘ஹெண்டல்’ என்பார்கள். வெள்ளிக்கிழமை சைவக்காரருக்கு ‘கிரில்கேச’ என்ற வாட்டும் பாற்கட்டி உண்டு. அதே கம்பியில் இறைச்சி வாட்டியிருப்பார்கள், ஆகவே தனித்தாளில் வைத்துத் தரும்படி கேளுங்கள்.

நாளும் நேரமும்

ஜேர்மனியில் ஞாயிறு கடைகள் மூடியிருக்கும். இறைச்சிக்கடைகள் பல சனி மதியத்தோடு முடித்துவிடும். வெள்ளி இரவு புறப்பட்டுச் சனி காலை பத்து, பதினொரு மணிக்குத் தூரிங்கனை அடைவது போன்று வசதியானது வேறில்லை. இரவில் ஓட்ட இரண்டு சாரதிகள் இருந்தால் மட்டும் அப்படிச் செய்யுங்கள். இல்லாவிட்டால் வியாழன் இரவு நன்றாக உறங்கி, வெள்ளி அதிகாலைக் கப்பலில் ஏறுங்கள். ஞாயிறு பயணம் என்றால் ஓட்டோஹோஃப், பியர் தோட்டம், தீயணைப்புத் தொண்டர்களின் ஊர் விழா. சிறு கூடாரங்களில் வங்கி அட்டை செல்லாமல் போகலாம், ஆகவே சில்லறை யூரோ கையில் இருக்கட்டும்.

கட்டுச்சோற்றை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இப்போதும் எங்கள் பின்பெட்டியில் அது இருக்கும். ஆனால் அதை மர மேசையில் விரித்து வைத்து, பக்கத்தில் வாங்கிய பிராட்வூர்ஸ்டோடு, மணத்துக்குக் கூச்சப்படாமல் சாப்பிடுகிறோம். போன கோடையில் வாகனம் ஓட்டியது மகள். ஹேர்ம்ஸ்டோர்ஃப் வரும் முன்னரே “அப்பா, எங்க நிப்பாட்டுவம்?” என்று கேட்டாள். அவள் சின்னவளாக இருந்தபோது பின்னிருக்கையில் இருந்து இதே கேள்வியைக் கேட்பாள். “இன்னும் கொஞ்சத் தூரம்” என்பதே அன்றைய என் பதில். இம்முறை வெளியேறும் பாதையின் பெயரைச் சொன்னேன்.