காற்றுக்குக் காசில்லை, தண்ணீருக்கு உண்டு!

பண்ருட்டி பலா, பழத்துக்கு மட்டுமா பேர் போனது? தஞ்சாவூர் வீணைக்கும் அந்த மரம்தான் போகிறது. இன்றைக்கு எந்த ஊர் மரப்பட்டறைக்குள் நுழைந்தாலும் உளிச் சத்தத்தோடு இன்னொரு சத்தமும் கேட்கும். மூலையில் கம்ப்ரஸர் தடதடக்கும். தச்சர் கையில் நெயில் கன். பலகை மேல் வைத்து அழுத்தினால் 'டப்'! ஆணி உள்ளே. ரிசார்ட்டுக்கு மரத்தளம் போட வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கில் ஆணி அடிக்கணுமே, சுத்தியலை நம்பினால் ஆகுமா?

இந்தக் காற்றுக் கருவிக்கு ஒரு தாத்தா உண்டு. அவர் பிறந்தது மரத்தில் அல்ல, மலையில்.

1857-ல் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து ரயில் விட முடிவு செய்தார்கள். இந்தப் பக்கம் இன்றைய இத்தாலி, அந்தப் பக்கம் பிரான்ஸ். நடுவில் சுமார் 13 கிலோமீட்டர் பாறை. உளியும் சம்மட்டியும் வைத்துக் குழி போட்டு, வெடிமருந்து திணித்து உடைக்க வேண்டும். இப்படியே போனால் பல பத்தாண்டுகள் ஆகும் என்று கணக்குச் சொன்னது. நீராவி மெஷினை உள்ளே கொண்டுபோகலாமா? புகையிலேயே ஆட்கள் செத்துப்போவார்கள்.

ஜெர்மைன் சோமெய்யே என்ற பொறியாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். மலைக்கு வெளியே அருவித் தண்ணீரின் வேகத்தால் காற்றை அழுத்தி, குழாய் வழியாக உள்ளே அனுப்பினார். அந்தக் காற்று துளைக் கருவியை ஓட்டியது. வேலை முடிந்து வெளியேறும் காற்றையே தொழிலாளிகள் சுவாசித்தார்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! 1871-ல் சுரங்கம் திறந்தது. திறப்பு விழாவைப் பார்க்க சோமெய்யேதான் இல்லை. சில வாரங்களுக்கு முன்புதான் இறந்திருந்தார்.

அவ்வளவுதான், உலகத்துச் சுரங்கங்களெல்லாம் காற்றுக் கருவிக்கு மாறின. கூடவே ஒரு புதுச் சிக்கலும் வந்தது. சம்மட்டி அடியில் கொஞ்சமாகப் பறந்த தூசி, காற்றுக் கருவியில் மேகமாகக் கிளம்பியது. பாறையில் இருக்கும் சிலிக்கா, கண்ணுக்குத் தெரியாத துகளாக நுரையீரலின் அடி ஆழம் வரை போய்விடும். உடம்பு அதைக் கரைக்க முயலும், முடியாது. அந்த இடம் தழும்பாகிவிடும். தழும்பு மேல் தழும்பு. நுரையீரல் விரியவே முடியாமல் போகும். காசநோயும் சுலபமாகத் தொற்றும். பெயர் சிலிக்கோசிஸ். இன்று வரை குணமாக்க மருந்து கிடையாது. அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளிகள் அந்தக் கருவிக்கு வைத்த பட்டப்பெயர் என்ன தெரியுமா? 'விதவையாக்கி'!

இது நம்ம கதையும்தான். 1880-ல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் தங்கம் தோண்ட வந்தது. பூமிக்கு அடியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து பிழைப்பு தேடிப் போன தலித் மக்களே அதிகம். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. எண்ணூறு டன்னுக்கு மேல் தங்கம் வெளியே வந்தது. இந்தியாவில் சிலிக்கோசிஸ் முதன்முதலில் பதிவானது 1947-ல், இதே கோலாரில்தான் என்று மருத்துவப் பாடப்புத்தகம் சொல்கிறது. தோண்ட ஆரம்பித்து 67 வருஷம் கழித்து! அதற்கு முன்னால் இருமி இருமிச் செத்தவர்களை எந்தக் கணக்கில் வைப்பது? 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். அங்கே வாங்கி வந்த நோய் மட்டும் மூடவில்லை.

இதைத் தடுக்க வழியே இல்லையா? இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

டென்வர் நகரத்து ஜான் லெய்னர், 1890களிலேயே துளைக்கும் கம்பியை உள்ளே ஓட்டையாகச் செய்தார். முதலில் அதன் வழியே காற்றை மட்டும் ஊதினார். தூசி இன்னும் அதிகமாகப் பறந்தது. தொழிலாளிகள் தொட மறுத்தார்கள். அப்புறம் காற்றோடு தண்ணீரையும் விட்டார். தூசி சேறாக வழிந்தது. விஷயம் அவ்வளவு எளிது!

அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து, 1930-31ல், அமெரிக்காவின் ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கத்தில் பாறையை உலரவே துளைத்தார்கள். தண்ணீர் விட்டால் வேலை மந்தமாகுமாம். நூற்றுக்கணக்கானவர்கள் இறந்தார்கள். பிற்காலத்து ஆய்வு ஒன்று 764 பேர் என்று மதிப்பிட்டது. முக்கால்வாசிப் பேர் வெளியூரிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பினத்தவர். நான் காமர்ஸ் படித்தவன். தண்ணீர்ச் செலவு, நேரச் செலவு எல்லாம் லெட்ஜரில் ஏறும். நுரையீரலுக்கு மட்டும் அதில் பக்கமே கிடையாது.

சரி, பட்டறைக்குத் திரும்புவோம். மரத்தூளும் சாதுவல்ல. அது புற்றுநோய் தரும் என்று 1995-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு அமைப்பு அறிவித்துவிட்டது. வேலை முடிந்ததும் ஏர் கன்னை எடுத்து சட்டையில் இருக்கும் தூளை ஊதுகிறார்கள் பாருங்கள், அதைச் செய்யவே கூடாது. கார் டயரைப் போல மூன்று மடங்கு அழுத்தத்தில் வரும் காற்று அது. தோலில் காயமிருந்தால் உள்ளேயே புகுந்துவிடும். ஊதிய தூளும் திரும்ப மூக்குக்குத்தான் வரும்.

நெயில் கன் காயத்தோடு அமெரிக்காவில் மட்டும் வருஷத்துக்குச் சுமார் 37,000 பேர் அவசர சிகிச்சைக்குப் போனார்கள். 2001-05 கணக்கு இது. விசையை அழுத்திப் பிடித்தபடியே இருந்தால், முனை எதில் பட்டாலும் ஆணி பாயும் ரகம் ஒன்று. ஒவ்வொரு ஆணிக்கும் முதலில் முனை, அப்புறம் விசை என்று வரிசை கேட்கும் ரகம் இன்னொன்று. இரண்டாவதில் விபத்து பாதியாகக் குறைகிறது. என்ன, கொஞ்சம் மெதுவாகப் போகும்.

பார்த்தீர்களா? மறுபடியும் அதே 'மெதுவாக'. உங்கள் வீட்டில் மரவேலை நடந்தால் தச்சரிடம் சொல்லுங்கள்: "அண்ணே, கண்ணாடி போடுங்க, மாஸ்க் கட்டுங்க. ஆணி சிக்கினா முதல்ல ஹோஸைக் கழட்டுங்க. ரெண்டு நாள் லேட்டானா பரவாயில்ல." அந்த ரெண்டு நாள் கூலியையும் நீங்களே கொடுங்கள். கோலாரில் யாரும் கொடுக்காமல் போனது அதைத்தான்.