சேர்ப்பவர் பலர், நிறுத்துபவர் எவர்? அமெரிக்க அரசுக் காப்பில் உள்ள சிறாரும் பன்மருந்துச் சிகிச்சையும்

சிறாருக்கு ஒரே நேரத்தில் பல மனநல மருந்துகள் தரப்படுவது பற்றிய விவாதம் பெரும்பாலும் எண்ணிக்கையோடு நின்றுவிடுகிறது. மூன்று தகுமா, ஐந்து மிகையா என்று கேட்கிறோம். ஒவ்வொரு மருந்தும் எதற்காகத் தொடங்கப்பட்டது, எப்போது நிறுத்தப்பட வேண்டும் என்பதைத் தொடர்ந்து கவனிக்கும் ஒருவர் இருக்கிறாரா என்பதே அடிப்படையான கேள்வி என்பது இக்கட்டுரையின் வாதம். பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, அரசின் பொறுப்பில் வளர்ப்புக் குடும்பங்களிலும் விடுதிகளிலும் வாழும் அமெரிக்கச் சிறாரின் நிலை இதற்கு வலுவான சான்று.

அமெரிக்கக் காங்கிரஸின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2011 டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டில் ஐந்து மாநிலங்களின் 2008ஆம் ஆண்டுப் பதிவுகளை அது ஆராய்ந்தது. அதே காப்பீட்டில் இருந்த பிற சிறாரைவிட, அரசுக் காப்பில் இருந்தவர்களுக்கு மனநல மருந்துகள் 2.7 முதல் 4.5 மடங்கு வரை அதிக விகிதத்தில் தரப்பட்டிருந்தன. ஐந்தும் அதற்கு மேலும் ஒருசேர உட்கொண்ட சிறார் நூற்றுக்கணக்கில் இருந்தனர். பெரியவர்களுக்கேகூட அத்தகைய சேர்க்கையை ஆதரிக்கும் சான்று இல்லை. டெக்ஸாஸில் 2004ஆம் ஆண்டுப் பதிவுகளைக் கொண்டு ஜூலி சிட்டோ குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வும் நினைவுகூரத்தக்கது. மனநல மருந்து பெற்ற, அரசுக் காப்பில் இருந்த சிறாரில் 41.3 விழுக்காட்டினர் ஒரே மாதத்தில் மூன்று அல்லது மேற்பட்ட வகை மருந்துகளைப் பெற்றிருந்தனர்.

இரண்டு மருந்து என்றாலே தவறு என்பதல்ல. கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறுக்கு மெத்தில்ஃபெனிடேட் போன்ற தூண்டு மருந்துகளோடு நீள்செயல் குவான்ஃபசினையோ குளோனிடினையோ சேர்க்க அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகமே ஒப்புதல் தந்திருக்கிறது. 2014இல் முடிவுகள் வெளியான டோஸ்கா ஆய்வு இன்னும் முக்கியமானது. மிகையியக்கத்தோடு கடும் ஆக்ரோஷமும் கொண்ட, 6 முதல் 12 வயதுள்ள 168 சிறாருக்கு முதலில் தூண்டு மருந்து தரப்பட்டது. பெற்றோருக்குப் பயிற்சியும் அளிக்கப்பட்டது. பிறகு சிலருக்கு மனப்பிறழ்வு எதிர்ப்பு மருந்தான ரிஸ்பெரிடோனும் சிலருக்கு வெற்று மாத்திரையும் சேர்க்கப்பட்டன. ரிஸ்பெரிடோன் சேர்த்தவர்களிடம் மிதமான கூடுதல் பயன் தெரிந்தது. இந்த ஆய்வை மேற்கோள் காட்டும் பலரும் பெற்றோர் பயிற்சியைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். வீடு மாறி வீடு மாறி வாழும் பிள்ளைக்கு இதே இரு மருந்துகளை எழுதும்போது, யாருக்குப் பயிற்சி தருவது? அங்கே ஆய்வின் பாதிதான் கையாளப்படுகிறது.

மூன்றாவதும் நான்காவதும் எப்படி வந்து சேர்கின்றன? முதியோர் மருத்துவத்தில் ரோச்சனும் குர்விட்ஸும் 1990களில் விவரித்த வரிசை இங்கும் பொருந்தும்: ஒரு மருந்தின் பக்கவிளைவு புதிய நோயாகக் கருதப்பட்டு, அதற்கு இன்னொரு மருந்து எழுதப்படுகிறது. தூண்டு மருந்து தூக்கத்தைக் கெடுக்கும், தூக்கத்துக்குக் குளோனிடின். மனப்பிறழ்வு எதிர்ப்பு மருந்து சிலருக்கு நிலைகொள்ளாத் தவிப்பைத் தரும். அதை ஆக்ரோஷம் முற்றுவதாகப் படித்தால் அளவு கூட்டப்படும், தவிப்பும் கூடும். மனச்சோர்வுக்கான ஃபுளூவாக்செட்டின் கல்லீரலில் ஒரு நொதியைத் தடுப்பதால், உடன் தரும் ரிஸ்பெரிடோனின் அளவு இரத்தத்தில் உயரும். சீட்டில் அளவு மாறாமலே உடலில் அளவு மாறிவிடும். எடையும் ஏறும். கோரல் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், மனப்பிறழ்வு எதிர்ப்பு மருந்தை முதன்முறையாகத் தொடங்கிய சிறார் ஏறத்தாழ 11 வாரங்களில் ஓலன்சபினால் சராசரி 8.5 கிலோவும் ரிஸ்பெரிடோனால் 5.3 கிலோவும் கூடியிருந்தனர். அந்த எடைக்கென மெட்ஃபார்மின் வந்தால், மனநலச் சீட்டிலிருந்து நீரிழிவுச் சீட்டுக்கே தாண்டிவிடுகிறோம்.

ஒவ்வொரு படியிலும் மருத்துவர் தம் முன்னுள்ள துன்பத்துக்கு நேர்மையாகவே பதில் சொல்லியிருக்கலாம். சொந்த வீட்டில் வளரும் பிள்ளை என்றால், “இந்த மாத்திரைக்கு அப்புறம்தான், டாக்டர், இப்படி ஆனான்” என்று சொல்ல அம்மா இருப்பார். காலவரிசை அவர் நினைவில் இருக்கும். அரசுக் காப்பில் உள்ள பிள்ளையின் காலவரிசை பல கோப்புகளில் சிதறிக் கிடக்கிறது. புது வளர்ப்புப் பெற்றோர் மாத்திரைப் பையைத்தான் பெறுகிறார்கள், அதன் வரலாற்றை அல்ல.

இத்தகைய சேர்க்கையைக் கண்காணிக்க டெக்ஸாஸ் 2005இல் வகுத்த வரையறைகள் மருந்துகள் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினாலோ, ஒரே வகையில் இரண்டு சேர்ந்தாலோ மறுபரிசீலனையைக் கோரின. பயனுள்ள ஏற்பாடுதான், ஆனால் வரம்புக்குள் இருக்கும் தவறான மூன்று மருந்து அதன் கண்ணில் படாது. கலிஃபோர்னியாவில் இச்சிறாருக்கு மனநல மருந்து தர நீதிபதியின் ஒப்புதல் தேவை. அது 180 நாட்களுக்குள் காலாவதியாகும். காலாவதி என்ற இந்த ஒரு விதியை நான் எண்ணிக்கை வரம்பைவிட மேலாக மதிக்கிறேன், ஏனெனில் தொடர்வதற்குக் காரணம் சொல்லும் கடமையை அது உருவாக்குகிறது. இருந்தும் நீதிபதி முக்கியமாகப் பார்ப்பது மருத்துவர் நிரப்பிய படிவத்தையே. 2014இல் சான் ஹோசே மெர்க்குரி நியூஸ் நாளிதழ் புலனாய்வுத் தொடர் வெளியிட்ட பிறகே அங்கு 2015இல் கண்காணிப்புச் சட்டங்கள் இறுகின.

மருந்தைக் குறைத்தால் பிள்ளை மறுபடி வன்முறையில் இறங்கி, இருக்கும் வீட்டையும் இழக்கும் என்பது மருத்துவர்கள் எழுப்பும் எதிர்வாதம். அது பொய்யான அச்சமல்ல. குளோனிடினைத் திடீரென நிறுத்தினால் இரத்த அழுத்தம் எகிறும். மற்றவற்றையும் ஒவ்வொன்றாக, மெல்ல மெல்லவே குறைக்க வேண்டும். ஒரு மருந்தைக் குறைத்தபின் தோன்றும் எரிச்சல் பழைய நோயா, விலகலின் விளைவா என்று பிரித்தறிய, பிள்ளையை மாதக்கணக்கில் பார்த்துவரும் அதே மருத்துவர் வேண்டும். எனவே வீடு மாறினாலும் மருத்துவர் மாறாதிருக்கும் ஏற்பாட்டுக்கும், குறைப்புக்கான நீண்ட சந்திப்புகளுக்கும் மெடிக்கெய்ட் தனியே பணம் ஒதுக்காதவரை, காலாவதித் தேதியும் புதுப்பித்தல் தேதியாகவே செயல்படும்.