ஆப்பிள் தோட்டத்து அமெரிக்கர்

சிம்லா ஆப்பிள் சாப்பிடாதவர்கள் நம்மில் யாரும் இருக்க முடியாது. ஆனால் அந்த ஆப்பிளை அந்த மலைக்குக் கொண்டு வந்தவர், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துச் சிறைக்குப் போன ஒரு அமெரிக்கர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் பெயர் சாமுவேல் இவான்ஸ் ஸ்டோக்ஸ். 1882-இல் பிலடெல்பியாவில் ஒரு குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு லிஃப்ட் தயாரிக்கும் கம்பெனி. பேசாமல் அந்தத் தொழிலைப் பார்த்துக்கொண்டு சுகமாக இருந்திருக்கலாம். ஆனால் 1904-இல், 21 வயதில், கப்பலேறி இந்தியா வந்துவிட்டார். சிம்லா மலையில் சபாத்து என்ற ஊரில் இருந்த தொழுநோயாளர் இல்லத்தில் சேவை செய்யத்தான் வந்தார். 1905-இல் காங்ராவில் பெரிய பூகம்பம் வந்தபோது அங்கே போய் நிவாரண வேலையும் செய்தார்.

சேவை செய்ய வந்த வெள்ளைக்காரர்கள் அன்று நிறைய பேர் இருந்தார்கள். ஸ்டோக்ஸ் வேறுபட்டது 1912-இல். அந்த வருடம் அவர் ஆக்னஸ் என்ற மலைநாட்டுப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். சிம்லாவிலிருந்து சுமார் 80 கி.மீ. தொலைவில், கோட்கர் பகுதியில் உள்ள பரோபாக்கில் நிலம் வாங்கி விவசாயி ஆனார். ஏழு குழந்தைகள் பிறந்தன. பிள்ளைகளுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள்: பிரேம்சந்த், பிரீதம்சந்த், லால்சந்த், சம்பாவதி, சத்யவதி, சாவித்திரி... தாரா என்ற மகன் எட்டு வயதில் சீதபேதியில் இறந்து போனான். அந்த மகனின் பெயரில் ஊர்ப் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார் ஸ்டோக்ஸ்.

விருந்தாளியாக வந்தவருக்கு ஊர் வழக்கு எதுவும் தலைவலி இல்லை. குடும்பஸ்தனுக்கு அப்படி இல்லை. ஊரின் கஷ்டம் அவன் வீட்டு வாசலுக்கும் வந்துவிடும். கோட்கரின் பெரிய கஷ்டம் 'பேகார்'. அதாவது கட்டாய வேலை. சிம்லாவிலிருந்து திபெத் பக்கம் போகும் சாலையில் அதிகாரிகளும், வேட்டைக்குப் போகும் துரைமார்களும் வருவார்கள். அவர்களுடைய மூட்டை முடிச்சுகளை அந்தந்த ஊர்க்காரர்கள் முதுகில் சுமந்து அடுத்த ஊர் வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கூலி சொற்பம், பல நேரம் அதுவும் கிடையாது. வயலில் கதிர் முற்றி நின்றாலும் ஆள் போயே ஆக வேண்டும்.

இது நமக்கும் புதிதல்ல. சோழர் காலத்துக் கல்வெட்டுகளிலேயே கூலியில்லாத கட்டாய வேலைக்கு 'வெட்டி' என்று பெயர். இன்று நாம் விளையாட்டாகச் சொல்லும் 'வெட்டி வேலை'க்குப் பின்னால் எத்தனை பேருடைய முதுகு வலி இருக்கிறதோ!

ஸ்டோக்ஸ் முதலில் அதிகாரிகளுக்கு எழுதிப் பார்த்தார். பிறகு ஊர் மக்களைக் கூட்டினார். நியாயமான நிபந்தனைகள் இல்லாமல் யாரும் சுமை தூக்குவதில்லை என்று ஊரே ஒற்றுமையாக நின்றது. 1921-இல் அரசாங்கம் இறங்கி வந்தது. படிக்காத மலை விவசாயிகள் துப்பாக்கி இல்லாமல், கல் எறியாமல் ஜெயித்தார்கள்.

அதற்குள் ஸ்டோக்ஸ் காங்கிரசிலும் சேர்ந்திருந்தார். கதர் உடுத்தினார். இந்தியர்கள் அரசாங்க வேலையை விட்டு விலக வேண்டும் என்று 1921-இல் காங்கிரஸ் தலைவர்கள் வெளியிட்ட அறிக்கையில் கையெழுத்துப் போட்ட ஒரே அமெரிக்கர் அவர்தான். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்கு ஆள் சேர்த்துக் கொடுத்த அதே மனிதர்! அந்த வருடம் டிசம்பரில் கைது செய்யப்பட்டு, லாகூர் சிறையில் ஆறு மாதத் தண்டனை பெற்றார். அப்போது மூத்த குழந்தைக்குப் பத்து வயது கூட ஆகியிருக்காது. தோட்டத்தையும் குழந்தைகளையும் விட்டுவிட்டுத்தான் போனார்.

இப்போது ஆப்பிளுக்கு வருவோம். குலு பக்கம் ஆங்கிலேயர்கள் முன்பே ஆப்பிள் பயிரிட்டிருந்தார்கள். ஆனால் அவை புளிப்பு ரகங்கள், நம் மக்களுக்குப் பிடிக்கவில்லை. ஸ்டோக்ஸ் அமெரிக்காவிலிருந்து இனிப்பான 'ரெட் டெலிசியஸ்' கன்றுகளை வரவழைத்து 1916-இல் நட்டார். 1926-இல்தான் முதல் பழங்கள் விற்பனைக்குப் போயின. பத்து வருடக் காத்திருப்பு! கையில் காசு இல்லாத விவசாயி இப்படி ஒரு முதலீட்டை நினைத்தும் பார்க்க முடியாது. அந்த ரிஸ்க்கை அவர் தன் நிலத்தில், தன் பணத்தில் எடுத்துக்கொண்டார். வெற்றி தெரிந்த பிறகு கன்றுகளை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்து, வளர்க்கும் முறையையும் சொல்லிக் கொடுத்தார். கன்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டு ஏகபோகமாகச் சம்பாதித்திருக்கலாம். செய்யவில்லை.

ஆப்பிள் கதையைச் சொல்பவர்கள் பேகாரை விட்டுவிடுகிறார்கள். பேகாரைச் சொல்பவர்கள் ஆப்பிளை விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு சரியாக வரும். பழம் பழுத்தால் உடனே பறிக்க வேண்டும், காத்திருக்காது. அறுவடை நேரத்தில் துரையின் பெட்டியைத் தூக்க ஓட வேண்டிய நிலையில் இருக்கும் விவசாயி எப்படித் தோட்டம் போடுவான்? தன் உழைப்பு தனக்குச் சொந்தம் என்று ஆன பிறகுதான் பத்து வருடம் கழித்துக் காய்க்கும் மரத்தை நட மனசு வரும்.

1932-இல் ஸ்டோக்ஸ் குடும்பத்தோடு இந்து மதத்துக்கு மாறினார். அவர் சத்யானந்தர் ஆனார், ஆக்னஸ் பிரியதேவி ஆனார். இதை விமர்சித்தவர்களும் உண்டு. ஆனால் ஒரு தகப்பனாகவும் இதைப் பார்க்க வேண்டும். வெள்ளைக்காரர்களும் முழுதாகச் சேர்க்க மாட்டார்கள், ஊராரும் முழுதாகச் சேர்க்க மாட்டார்கள் என்றால் பிள்ளைகள் எங்கே போய்ப் பெண் எடுப்பார்கள், பெண் கொடுப்பார்கள்? அந்தப் பிள்ளைகள் அந்த மலையிலேயே வேர் விட்டார்கள். மருமகள் வித்யா ஸ்டோக்ஸ் பின்னாளில் இமாச்சல சட்டமன்றத்துக்குப் பலமுறை தேர்ந்தெடுக்கப்பட்டு, பேரவைத் தலைவராகவும் இருந்தார்.

ஸ்டோக்ஸ் 1946-இல் காலமானார். சுதந்திரத்துக்கு இன்னும் ஒரு வருடம்தான் பாக்கி இருந்தது. அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

ஒருவர் எந்த ஊர்க்காரர் என்பதை எதை வைத்து முடிவு செய்வது? பிறந்த இடத்தை வைத்தா, தோலின் நிறத்தை வைத்தா? கோட்கர் மக்கள் வேறு கணக்கு வைத்திருந்தார்கள். தங்கள் முதுகில் இருந்த சுமையை இறக்கி வைத்தவன் தங்கள் ஊர்க்காரன்தானே!

அடுத்த முறை பழக்கடையில் சிம்லா ஆப்பிளை எடுக்கும்போது அந்த மனிதரை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்.