தோட்டத்து உடலும் வளாகத்து உடலும்: வட சிலாங்கூரின் நூறு ஆண்டுகள்

சிலாங்கூர் ஆற்றின் முகத்துவாரத்தில், கோலா சிலாங்கூர் நகருக்கு எதிர்க்கரையில், பாசிர் பெனம்பாங் மீனவர் குடியிருப்பாக வளர்ந்த காலத்தில், ஆற்றின் மேற்பகுதிக் காடுகள் தமிழ்த் தொழிலாளர் உழைப்பால் ரப்பர்த் தோட்டங்களாயின. அப்பகுதியின் தென்னமரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கொனியே 1917இல் செம்பனை நட்டார். மலாயாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலில் பயிரிடப்பட்டது அப்போதுதான்.

குளிர்ந்த வேளையில்தான் ரப்பர்ப் பால் நன்றாக வடியும் என்பதால், விடியுமுன் நடக்கும் 'பிரட்டு' எனும் ஆள்கணக்கெடுப்போடு வேலை தொடங்கியது. நாளெல்லாம் பால்மரம் சீவி, வாளி சுமந்து நடந்தவர்கள் உண்ட சோறும் சீனியும் அவ்வுழைப்பிலேயே எரிந்தன. அக்காலத்தின் முக்கிய நோய்களுள் மலேரியாவும் சத்துக்குறைவும் அடங்கும். மனச்சுமைக்கோ தோட்டக் கள்ளுக்கடையைத் தவிர வடிகால் அரிது. 1941இல் கிள்ளான் வட்டார வேலைநிறுத்தக்காரர்கள் ஊதிய உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவும் கோரியதிலிருந்து, அந்த வடிகாலின் கேட்டைத் தொழிலாளர்களே உணர்ந்திருந்தமை புலனாகும்.

பின்னர் ரப்பர் செம்பனைக்கு இடம் விட்டது, தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தன, பேரப்பிள்ளைகள் படிப்பை நாடினர். அதே தோட்ட வட்டாரத்தில், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தையிலேயே, 1999இல் நிறுவப்பட்ட சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகம் அமைந்துள்ளது. ஆனால் உடலுழைப்பு விலகிய வேகத்தில் உணவுப் பழக்கம் மாறவில்லை. சோறும் சீனியும் நிலைத்திருக்க, அவற்றோடு நாட்டின் அன்றாடச் சமையல் எண்ணெயாகிவிட்ட செம்பனை எண்ணெயில் பொரித்தவையும், மாமாக் உணவுக்கடையின் நள்ளிரவு ரொட்டி சானாயும் தே தாரிக் தேநீரும் சேர்ந்துகொண்டன.

இம்மாற்றத்தின் விளைவை உடல் எடையில் காணலாம். கிலோகிராமில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறும் உடல் நிறைச் சுட்டெண் 25ஐ எட்டினால் மிகை எடை, 30ஐ எட்டினால் உடற்பருமன் என்பது உலக அளவுகோல்; ஆசியர்களுக்கு நீரிழிவு முதலிய ஆபத்துகள் முன்னரே தொடங்குவதால், 2004இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 23, 27.5 ஆகிய தாழ்ந்த எல்லைகளையும் முன்வைத்தது. 2019ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களுள் 50.1 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்களாக இருந்தனர். மாணவரிடையே தேர்வு அழுத்தமும் கடன் கவலையும் தூக்கத்தைக் கெடுக்க, தூக்கக் குறைவு பசியைத் தூண்ட, கூடும் எடை தன்மதிப்பைக் குறைத்து மனச்சோர்வை வளர்ப்பதால், உடலும் மனமும் தனித்தனி நோய்களாக நிற்பதில்லை.

ஆகவே மாணவரின் எடையைச் சோம்பலின் கணக்கில் எழுதுவது வரலாற்றை மறப்பதாகும்; கள்ளுக்குடியைத் தனிமனிதக் குறையாகக் காணாமல் கள்ளுக்கடை மூடலைத் தோட்ட நிர்வாகத்திடம் கோரிக்கையாக வைத்த 1941ஆம் ஆண்டுத் தொழிலாளரைப் போலவே, சிற்றுண்டிச்சாலையின் உணவையும் பாடநேர ஒழுங்கையும் மனநல ஆலோசனையையும் வளாகத்தின் பொறுப்பாகக் கேட்பதே அவ்வரலாற்றுக்குப் பொருந்தும்.