யூ மரத்துக் கந்தகக் காளான்

கந்தகக் காளான், ஐரோப்பாவின் பழைய யூ மரங்களில் தட்டுத் தட்டாக முளைக்கும் ஒரு துளைக்காளான். ஓக், செர்ரி மரங்களிலும் வளரும். அறிவியல் பெயர் லேட்டிபோரஸ் சல்ஃபூரியஸ். பிரெஞ்சுத் தாவரவியலர் புய்யார் 1789இல் இதை விவரித்தார். இன்றைய பேரினத்தில் 1920இல் சேர்த்தவர் அமெரிக்கரான முரில். இளந்தட்டின் சதை கோழிக்கறி போல நார் நாராகப் பிரிவதால் ஆங்கிலேயர் இதைக் காட்டுக்கோழி என்பார்கள்.

கோடையிலும் இலையுதிர் காலத்திலும் பட்டை வெடிப்பிலிருந்து பிதுங்கி வரும். கரும்பச்சை இலைகளுக்கு நடுவே ஆரஞ்சும் மஞ்சளுமாக அது தெரிவது, யாரோ சாயத்தைக் கொட்டிவிட்டுப் போனதுபோல் இருக்கும். அடிப்புறத்தில் செவுள்கள் கிடையாது. வித்துகள் உதிரும் நுண்துளைகள்தான். முற்றிய தட்டு வெளுத்து, சுண்ணாம்புக் கட்டியாய்ப் பொடிந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியும் தட்டு கனி மட்டுமே. உடல், மரத்துக்குள் பல ஆண்டுகளாகப் பரவியிருக்கும் மெல்லிய இழைகள். அவை செல்லுலோசைத் தின்றுவிட்டு லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவைக்கின்றன. அதனால் கட்டை சுருங்கி, பழுப்பு நிறக் கனசதுரங்களாக வெடிக்கிறது. ஒரு துண்டை விரலிடுக்கில் தேய்த்தால் மூக்குப்பொடியாகிவிடும். யூவின் வைரம், அதாவது நடுமரம், எளிதில் மட்காது என்று பெயர் பெற்றது. அதைத்தான் இந்தக் காளான் தின்கிறது.

இதைக் கண்டதும் மரம் செத்துவிடும் என்று பயப்படத் தேவையில்லை. வைரம் உயிரற்ற பகுதி. நீரேற்றும் வெளிறும் பட்டையும் வெளியே இருப்பதால், உள்ளே பொந்து விழுந்தாலும் மரம் தழைக்கும். மட்கிய தூளுக்குள் யூ தானே புதிய வேரை இறக்கி, தன் பழைய வயிற்றிலிருந்தே உணவு எடுப்பதும் உண்டு. இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் க்ரோஹர்ஸ்ட் தேவாலய வளாகத்திலுள்ள யூவின் பொந்துக்கு 19ஆம் நூற்றாண்டில் கதவே மாட்டினார்கள்.

பொந்து விழுவதில் உண்மையான இழப்பு வயதுக் கணக்குத்தான். நடுமரத்தோடு ஆண்டு வளையங்களும் போய்விடுகின்றன. ஸ்காட்லாந்தின் ஃபோர்ட்டிங்கல் யூவை 1769இல் அளந்தபோது சுற்றளவு 52 அடி. இன்று அது தனித்தனித் தண்டுகளாகப் பிரிந்து நிற்கிறது. அதன் வயதை 2,000 என்பாரும் 3,000 என்பாரும் உண்டு. 5,000 என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். எண்ணிப் பார்க்க வளையம் இல்லாததால் வாதம் ஓய்வதாயில்லை.

மற்ற மரங்களில் முளைத்த இளங்காளானை நன்கு வேகவைத்து உண்பவர்கள் ஏராளம். அப்படியும் சிலருக்கு வயிறு ஒத்துக்கொள்ளாது. யூவில் முளைத்ததை மட்டும் பறிக்க வேண்டாம் என்பது காளான் சேகரிப்போரின் பொது எச்சரிக்கை. விதையைச் சுற்றிய சிவப்புச் சதை தவிர யூவின் இலை, பட்டை, விதை அனைத்திலும் இதயத் துடிப்பை நிறுத்தக்கூடிய டாக்ஸின் நஞ்சு இருக்கிறது. காளானைப் பறிக்கும்போது அதன் சதைக்குள் யூ இலையும் பட்டைத் துணுக்கும் சிக்கியிருப்பது சாதாரணம்.