புதுச்சேரி ஆனந்தரங்கர் மாளிகை

இலக்கியம் ஆராய்வோர் ஏட்டோடு நின்றுவிடுதல் இயல்பு. ஏடு எழுதியவர் வாழ்ந்த மனையையும் ஓர் ஏடாகக் கொண்டு படித்தல் வேண்டும் என்பதற்குப் புதுச்சேரியிலுள்ள ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை தக்கதொரு சான்றாகும்.

பிள்ளை கி. பி. 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர்; புதுச்சேரிக்கு வந்து வணிகத்தில் உயர்ந்தவர். 1736 செப்டம்பரில் தொடங்கும் அவர்தம் நாட்குறிப்பு, 1761 சனவரியில் அவர் மறையும் காலம்வரை செல்கின்றது. 1746இல் கனகராய முதலியார் மறைந்த பின்னரே, துய்ப்ளேயின் ஆட்சிக் காலத்தில், தலைமைத் துபாசிப் பொறுப்பு அவரைச் சார்ந்தது. மாளிகையோ 1730களில் எழுந்தது என்பர். ஆதலின், இதனைப் பதவிப் பெருமிதத்தின் சின்னமாகக் கொள்ளுதல் பொருந்தாது; வணிகர் ஒருவரின் இல்லமாகக் கொள்ளுதலே முறையாகும்.

1693 முதல் 1699 வரை புதுச்சேரி டச்சுக்காரர் வசம் இருந்தது. நேர்க்கோடுகளாய் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் தெருவமைப்பு அவர்கள் வகுத்த திட்டத்தை ஒட்டியது. கால்வாய்க்குக் கிழக்கே ஐரோப்பியரும் மேற்கே தமிழரும் வாழ்ந்தனர். ஐரோப்பியர் மனைகள் உயர்ந்த மதிலால் தெருவினின்றும் தம்மை மறைத்துக்கொண்டன. தமிழர் மனைகள் தாழ்வாரத்தாலும் திண்ணையாலும் தெருவோடு உறவு கொண்டன. நம் மாளிகை தமிழர் பகுதியில், அங்காடிக்கு அண்மையில், பிள்ளையின் பெயர் தாங்கிய தெருவிலேயே அமைந்துள்ளது.

இதன் கீழ்த்தளம் தமிழ் மரபினது. நடுவே முற்றம்; சுற்றிலும் வேலைப்பாடமைந்த மரத்தூண்கள். மேல்தளத்தில் மரம் மறைகின்றது. காரை பூசிய உருண்ட தூண்கள் பிரெஞ்சு முறையில் மேல்மாடத்தைத் தாங்குகின்றன. இதனை 'இரு பாணிகளின் கலப்பு' என்று கூறி அமைவர் பலர். கலப்பு என்னும் சொல் போதாது என்பது எம் கருத்து. கலப்பிலும் ஓர் ஒழுங்கு உண்டு. மேலை வடிவம் முற்றத்தை நீக்கவில்லை. முற்றத்தின் மீது எழுந்து நிற்கின்றது. அடித்தளம் தமிழாகவே இருக்கின்றது.

நாட்குறிப்பின் நடையும் இத்தகையதே. முசியே, கோன்சேல், கும்பினி என வேற்றுச் சொற்கள் அதில் மலிந்துள்ளன. எனினும் வாக்கியத்தைத் தாங்குவது அக்காலப் பேச்சுத் தமிழின் கட்டமைப்பே. சொற்கலப்பு ஒன்றையே நோக்கி அந்நடையைக் கொச்சை என ஒதுக்குவோர், மேல்தளத் தூண்களை மட்டும் கண்டு இம்மாளிகையைப் பிரெஞ்சு மனை என்பாரை ஒப்பர். உவமை சான்றாகாது என மறுக்கலாம். உண்மையே, ஆயினும், ஒருவரே எழுதிய ஏடும் ஒருவரே வாழ்ந்த மனையும் ஒரே இயல்பைக் காட்டுங்கால், அதனைத் தற்செயல் எனத் தள்ளுதல் எளிதன்று.

பிள்ளை மறைந்த அதே 1761 சனவரியில் நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. தொடர்ந்து கோட்டையும் ஐரோப்பியர் பகுதியும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. 1765இல் பிரெஞ்சுக்காரர் மீண்டும் பெற்றது இடிபாடுகளையே. அவ்வழிவினின்றும் தப்பிய மிகச் சில கட்டடங்களுள் ஒன்றாக இம்மாளிகை கருதப்படுகின்றது. 1748இல் இடிக்கப்பட்ட வேதபுரீசுவரர் கோயிலின் துயரத்தை நாட்குறிப்பு உரைக்கின்றது. அங்கே ஏடு உண்டு, கட்டடம் இல்லை. இங்கே இரண்டும் உள்ளன. ஒன்றைக்கொண்டு மற்றொன்றைச் சரிபார்க்கும் வாய்ப்பு ஆராய்ச்சியாளர்க்கு அரிதிற் கிட்டுவதாகும்.

இவ்வாய்ப்பு என்றும் நிலைக்கும் எனக் கருதலாகாது. இம்மாளிகை மரபுக் கட்டடங்களின் வரிசையில் இடம்பெற்றுள்ளது. ஆனால் பட்டியல் மட்டும் சுவரைத் தாங்குவதில்லை. அந்நகரிலேயே, 19ஆம் நூற்றாண்டின் நகராட்சி மாளிகையான மேரி, 2014 நவம்பர் மழையில் இடிந்து வீழ்ந்தது. பின்னர்ப் பழைய வடிவிலேயே புதிதாய்க் கட்டப்பெற்றது. ஆயினும் புதிய சுவர் பழைய கைவினைக்குச் சான்று பகராது. ஆகவே நாட்குறிப்பை ஆராயப் புகும் மாணவர், கட்டடக் கலைஞரோடு கூடி, இம்மாளிகையின் தூண்களையும் முற்றத்தையும் அளந்து வரைந்து வைத்தல் வேண்டும். ஏட்டுக்குப் பாடவேறுபாடு குறிப்பது போன்றே இதுவும் பதிப்புப் பணியேயாம்.